கேட்டுக்கொள்ளலாம், சொல்லக் கூடாது

கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர் பையை வாங்கிக்கொண்டார். பதிலைத்தான் கொடுக்கவில்லை.

"தம்பி எப்படி இருக்கான்னு மட்டும் சொல்லுங்க," என்றாள் அக்கா.

"எந்தத் தம்பி?"

பெயரைச் சொன்னாள். பிறந்த தேதியைச் சொன்னாள். மூன்றாவது மாடி, மனநல வார்டு, இடது பக்கம் என்றும் சொன்னாள். அவர் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"அந்தப் பேர்ல ஆள் இங்க இருக்காருன்னும் சொல்ல முடியாதும்மா, இல்லைன்னும் சொல்ல முடியாது."

"நாலு நாளைக்கு முன்னாடி நான்தானே சார் ஆம்புலன்ஸ்ல கூட வந்து விட்டுட்டுப் போனேன்? நீங்கதான் கதவைத் திறந்தீங்க."

"அது உங்களுக்குத் தெரியும். எனக்குத் தெரியாது."

"அப்ப பையை எதுக்கு வாங்கினீங்க?"

"அந்தப் பேர்ல ஆள் இருந்தா போய்ச் சேரும். இல்லைன்னா திரும்பி வரும்."

முந்தின நாள் கொடுத்த பை திரும்பி வரவில்லை. அதை வைத்து, தம்பி உள்ளேதான் இருக்கிறான் என்று அவள் முடிவு செய்துகொண்டாள். பையில் இரண்டு துண்டு, மூன்று பனியன், நாடாவை உருவிவிட்டு எலாஸ்டிக் வைத்துத் தைத்த பைஜாமா ஒன்று. அந்த வார்டுக்குள் நாடா, கயிறு, பெல்ட் எதுவும் போகக் கூடாது. இதைக் கற்றுக்கொள்ள அவளுக்கு மூன்று வருஷமும் நாலு அட்மிஷனும் ஆகியிருந்தன.

கண்ணாடியில் விதியை அச்சடித்து ஒட்டியிருந்தார்கள். நோயாளி கையெழுத்துப் போட்டு அனுமதித்தால் ஒழிய, அவரைப் பற்றிய எந்தத் தகவலும் குடும்பத்தார் உட்பட யாருக்கும் தரப்படாது. வரிசையில் நிற்கும்போது அதை ஆறேழு முறை படித்துவிட்டாள். தப்பான விதி என்று அவளால் சொல்ல முடியவில்லை. அந்தக் கட்டிலில் தானே படுத்திருந்தால், வாசலில் அப்பா வந்து விசாரித்தால், எல்லாவற்றையும் அவரிடம் சொல்லச் சம்மதிப்பாளா? மாட்டாள். இருபத்தெட்டு வயதில் அப்பாவுக்குத் தெரியாத விஷயங்கள் அவளுக்கும் நாலைந்து உண்டு. ஆகையால் கோபப்படவும் அவளுக்கு முழு உரிமை இல்லாமல் போயிற்று. அது வேறு எரிச்சல்.

அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். தம்பியை எப்போது வெளியே விடப்போகிறார்கள் என்று ஒரு நாள் முன்னதாகச் சொன்னால் போதும். நோயின் பெயர் வேண்டாம், மருந்தின் பெயர் வேண்டாம். தேதி போதும்.

போன வருஷம் அதைச் சொல்லவில்லை. ஒரு காலை பதினொரு மணிக்கு, கையில் ஒரு மாத்திரைப் பொட்டலத்தோடு, அவனை வாசலில் விட்டுவிட்டார்கள். அவள் வேலையில் இருந்தாள், அப்பா வீட்டில் இருந்தார், யாருக்கும் தெரியாது. மூன்றாம் நாள் இரண்டு ஊர் தள்ளி ஒரு பஸ்ஸின் கடைசி சீட்டில் கண்டுபிடித்தார்கள். செருப்பு இல்லை. உள்ளங்கால் தோல் அப்படியே உரிந்து வந்திருந்தது. கண்டுபிடித்தவர் ஒரு கண்டக்டர். அவள் வேலை பார்ப்பது பஸ் டிப்போவின் தொலைந்த பொருள் அறையில். அதனால் தகவல் டிப்போ வழியாகவே வந்தது. "நம்ம அறைக்குத் தொலைஞ்ச ஆளே வந்தது இதுதான் முதல் தடவை," என்று சூப்பர்வைசர் சொல்லிச் சிரித்தார். அவளும் சிரித்தாள். பிறகு பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

தொலைந்த பொருள் அறையிலும் ஒரு விதி உண்டு. குடையைத் தேடி வருகிறவரிடம் குடையைக் காட்டக் கூடாது. "கறுப்பா, பிடி வளைஞ்சிருக்குமே?" என்று எடுத்துக் கொடுக்கவும் கூடாது. வந்தவரே சொல்ல வேண்டும். எந்த நிறம், எந்தக் கம்பி வளைந்திருக்கிறது, எந்த மூலையில் தையல் விட்டிருக்கிறது. சரியாகச் சொன்னால் பொருள் கைக்கு வரும். பொருள் வாயில் வைக்கிற பல்செட்டாக இருந்தாலும் இதே சட்டம்தான். "என் பல்லு எப்படி இருக்கும்னு எனக்கு எப்படிம்மா தெரியும், அது என் வாய்க்குள்ளதானே இருந்துச்சு?" என்று ஒரு பெரியவர் அரை மணி நேரம் சண்டை போட்டிருக்கிறார். சொன்னதை எழுதி வாங்கி, ஒவ்வொரு தாளிலும் பெயரும் கையெழுத்தும் வாங்குவது அவள் வேலை. பெயரில்லாத தாள் அங்கே குப்பைக்குச் சமானம்.

ஐந்தாம் நாள் மதியம் வார்டு நர்ஸ் படியில் இறங்கி வந்தாள். அக்காவைவிட ஐந்தாறு வயது மூத்தவள் இருப்பாள். சாப்பிடப் போகிற அவசரம்.

"நீங்கதானே தினமும் பை கொண்டு வர்றவங்க? பாருங்க, நான் எதுவும் சொல்லக் கூடாது. ஆனா கேட்டுக்கலாம்."

"புரியல."

"அவரைப் பத்தி நாங்க உங்ககிட்ட வாயைத் திறக்கக் கூடாது. நீங்க எங்ககிட்ட என்ன வேணா சொல்லலாம். கேட்டுக்கிறதுக்குத் தடை கிடையாது. பாதிப் பேருக்கு இது தெரியாம, எங்களைத் திட்டிட்டே திரும்பிப் போயிடறாங்க."

அக்காவுக்குக் காது குளிர்ந்தது. தன் அறையின் சட்டமேதான் என்று அந்த நிமிஷம் அவளுக்குப் பட்டது. யார் சரியாக விவரம் சொல்கிறார்களோ அவர்களுக்குப் பொருள் கிடைக்கும். விவரம் அவளிடம் மலைபோல் இருந்தது.

அதற்குக் காரணம் செவ்வாய்க்கிழமை மாலை வகுப்பு. மனநோய் உள்ளவர்களைப் பார்த்துக்கொள்ளும் குடும்பத்தாருக்கென்று ஒரு பள்ளிக்கூட மாடியில் ஆறு வாரம் நடத்தினார்கள். குழந்தைகளின் பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்த பதினாலு பேருக்கும் சொல்லிக் கொடுத்த முதல் பாடம், எழுதுங்கள் என்பதுதான். தேதி, நேரம், கண்ணால் பார்த்தது. நீங்கள் நினைத்தது வேண்டாம், பார்த்தது மட்டும். பதினாலு பேரில் கடைசி வாரம்வரை எழுதியவள் அவள் ஒருத்திதான்.

அவள் அப்படிப்பட்டவள். சின்ன வயதிலேயே தம்பி அவளுக்கு 'பட்டியல்' என்று பெயர் வைத்திருந்தான். அப்பாவும் சில நாள் அப்படியே கூப்பிடுவார்.

ஆனால் அந்த வீட்டில் நோட்டு எழுதுவது லேசான காரியமல்ல. தம்பியின் நோயே எழுத்தைப் பற்றியதுதான். ஃபேன், மிக்ஸி, தண்ணீர் மோட்டார் எல்லாவற்றையும் பிரித்துப் பூட்டுகிற நல்ல கை அவனுடையது. இருபத்தோரு வயதில், வேலை செய்துகொண்டிருக்கும்போதே, "என்னை ஒருத்தன் எழுதறான்" என்று சொல்ல ஆரம்பித்தான். முதலில் அந்த ஒருத்தன் எதிர்வீட்டு ஜன்னலிலிருந்து எழுதினான். அப்புறம் மீட்டர் பார்க்க வருகிறவன் உருவத்தில் வந்து எழுதினான். தட்டில் கை வைத்துவிட்டுத் தம்பி நிறுத்துவான். "இதோ, இதையும் எழுதிட்டான்." ஒவ்வொரு முறையும் அவள் பொறுமையாகச் சொல்வாள். "உன்னை யாரும் எழுதலடா. சாப்பிடு."

சொல்லிவிட்டு, டிப்போவுக்குப் போய் எழுதுவாள். நோட்டை வீட்டில் வைக்கப் பயந்து, தொலைந்த பொருள் அறையின் மூன்றாவது அலமாரியில் வைத்திருந்தாள். அதற்கு ஒரு சீட்டும் கட்டியிருந்தாள்: நோட்டு, நீல அட்டை, உரியவர் வரவில்லை. ஆறு மாதம் ஆன பொருளைக் கழித்துவிட வேண்டும் என்பதால், ஆறு மாதத்துக்கு ஒரு முறை சீட்டை மாற்றுவாள். அந்தச் சமயங்களில் மட்டும் தன்னையே கேட்டுக்கொள்வாள். நான் பார்த்துக்கொள்கிறேனா, வேவு பார்க்கிறேனா? எழுதாவிட்டால் டாக்டரிடம் என்ன சொல்வது? எழுதினால் அவனிடம் என்ன சொல்வது? சீட்டைக் கட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பாள்.

அன்று இரண்டு வருஷ நோட்டிலிருந்து ஒன்பது பக்கம் நல்ல தாளில் எடுத்து எழுதினாள். மாத்திரையை நாக்குக்கு அடியில் வைத்துக்கொண்டு வாஷ்பேசின் துளையில் துப்புகிறான். தூக்கம் மூன்று மணி நேரத்துக்குக் கீழே போனால் எட்டாம் நாள் பேச்சு மாறுகிறது. மஞ்சள் மாத்திரை கொடுத்த மாதத்தில் கை நடுங்கி ஸ்க்ரூ டிரைவரைப் பிடிக்க முடியாமல் அழுதான். எல்லாவற்றுக்கும் தேதி போட்டாள். ஒன்பது பக்கத்தின் கீழும் பெயர் எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

நர்ஸ் புரட்டிப் பார்த்துவிட்டு, "எங்க ரிப்போர்ட்டே இவ்வளவு சுத்தமா இருக்காது," என்றாள்.

அக்காவுக்கு அந்த ஒரு வாரத்தில் வயிறு நிறைந்தது அப்போதுதான்.

பத்தாம் நாள் தம்பியே போன் செய்தான், வந்து பார்க்கச் சொல்லி. பார்வையாளர் ஹாலில் நாற்காலிகளைத் தரையோடு ஆணியடித்திருந்தார்கள். அவன் முகம் வீங்கியிருந்தது, ஆனால் கண் நிலையாக நின்றது. கை நடுங்கவில்லை. அவள் முதலில் பார்த்தது கையைத்தான்.

"என்ன பட்டியல், எலாஸ்டிக் இவ்வளவு டைட்டா வச்சித் தச்சிருக்க? வயித்துல ரோடு போட்ட மாதிரி இருக்கு."

"நீ குண்டாயிட்டடா."

"மாத்திரை. பசின்னா பசி, அப்படிப் பசி. பக்கத்துக் கட்டில் ஆள் தட்டையும் சேர்த்துச் சாப்பிடறேன். அவன் கடவுளோட பேசிட்டு இருக்கான், கவனிக்க மாட்டான்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரிப்பு சூட்டோடு அவள் கேட்டுவிட்டாள். "ஒரு கையெழுத்துப் போடுவியாடா? உன்னை விடற தேதியை எனக்குச் சொல்லலாம்னு ஒரு ஃபாரம் இருக்கு. வேற எதுவும் வேணாம்."

அவன் யோசித்தான். போன வருஷம் தோல் உரிந்த தன் பாதத்தைப் பார்த்துக்கொண்டான்.

"போடறேன். வியாழக்கிழமை சமூகப் பணியாளரோட மீட்டிங் இருக்கு. அப்பாவையும் கூட்டிட்டு வா. இங்க பேனா தர மாட்டாங்க, அங்கதான் தருவாங்க." பிறகு கொஞ்சம் பெருமையாகச் சொன்னான். "இன்னொண்ணு தெரியுமா? என் ஃபைலை நான் கேட்டா காட்டணுமாம். என் உரிமையாம். கேட்டிருக்கேன்."

"ஃபைல் எதுக்குடா?"

"பாக்கறேன். என்னைப் பத்தி என்னதான் எழுதியிருக்காங்கன்னு."

ஃபைல் என்றால் டாக்டர் எழுதியது, நர்ஸ் எழுதியது என்றுதான் அவள் நினைத்தாள். தன் ஒன்பது பக்கமும் ஒரு கடிதம் போல ஒருவர் கைக்குப் போய் அங்கேயே நின்றுவிட்டது என்றே நினைத்திருந்தாள். தன் அறையில் வாங்குகிற தாள் ஒவ்வொன்றையும் தானே நம்பர் போட்டு ஃபைலில் கோக்கிறவளுக்கு இது எப்படித் தோன்றாமல் போனது என்று பிற்பாடு எத்தனையோ நாள் கேட்டுக்கொண்டாள்.

வியாழக்கிழமை அரை நாள் லீவு போட்டாள். அப்பா சட்டையை இஸ்திரி போட்டு வந்திருந்தார். அறையில் ஒரு வட்ட மேஜை. சமூகப் பணியாளர் பேனாவையும் ஃபாரத்தையும் முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மெல்லிய குரலில் பேசுகிற மனிதர். தம்பி முன்னால் ஃபைல் திறந்திருந்தது. அவள் நுழையும்போதே மேஜைக்கு இந்தப் பக்கமிருந்து தன் கையெழுத்தைத் தலைகீழாகப் பார்த்தாள்.

"உட்காரு," என்றான் தம்பி. குரலை உயர்த்தவில்லை. தாளை எடுத்துப் பள்ளிக்கூடத்தில் வாசிப்பதுபோல வாசித்தான்.

"'பதினாலாம் தேதி, காலை ஆறு நாற்பது. குளியலறையில் இருபது நிமிடம் தனியாகப் பேசினார். கதவுக்கு வெளியே நின்று கேட்டேன். தெளிவாகக் கேட்ட வார்த்தைகள் நான்கு.'" தலையை நிமிர்த்தினான். "நாலுதான் கேட்டுச்சா? கஷ்டப்பட்டிருக்க."

"தம்பி, அது டாக்டருக்காகடா."

"'இருபதாம் தேதி. குப்பைக் கூடையைக் கிளறிப் பார்த்ததில் மூன்று மாத்திரைகள்.' 'இரண்டாம் தேதி. சட்டைப் பையில் சீட்டு. ஒரு பெண்ணின் போன் நம்பர். அழைத்துப் பார்த்தேன், எடுக்கவில்லை.'" அங்கே மட்டும் அவன் குரல் ஒரு நொடி தடுமாறிற்று. "நம்பருக்கு போன் வேற பண்ணியா?"



தம்பி சமூகப் பணியாளர் பக்கம் திரும்பினான். "சார், நீங்க சொல்லுங்க. மூணு வருஷமா எத்தனை டாக்டர், எத்தனை ஊசி. 'உன்னை யாரும் எழுதல, அது உன் நோய்'னு எல்லாரும் சொன்னீங்க. போன வாரம்தான் சரின்னு ஒத்துக்கிட்டேன். ஒத்துக்கிட்டதால எனக்கு நல்லாயிட்டு வருதுன்னு நீங்களே இதே ஃபைல்ல எழுதியிருக்கீங்க. அதுக்கு அடுத்த தாள் இது. தேதி போட்டிருக்கு, நேரம் போட்டிருக்கு, கையெழுத்து இருக்கு. இப்ப எனக்கு நோய் இருக்கா, இல்லையா?"

சமூகப் பணியாளர் தண்ணீர் குடித்தார். "அக்கறையில எழுதினது அது. நீங்க சொல்ற எழுத்து வேற, இது வேற."

"என்ன வேற? கறுப்பு மையா, நீல மையா?"

அப்பாவுக்கு முகத்தில் ஈயாடவில்லை. "டேய், அவ உனக்காகத்தான்டா..." என்று ஆரம்பித்தவர் மகளைப் பார்த்தார். பார்த்த பார்வையில் வேறொரு கேள்வி இருந்தது. "என்னையும் எழுதியிருக்கியாம்மா?"

அவரையும் எழுதியிருந்தாள். ஏழாம் பக்கத்தில் இரண்டு வரி. 'அப்பா பொறுமை இழந்து கை ஓங்கினார்.' அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

தம்பி பேனாவைக் கேட்டு வாங்கினான். 'தகவல் பெறத்தக்கவர்கள்' என்ற இடத்தில் குறுக்கே ஒரு கோடு இழுத்தான். கீழே தெளிவாக எழுதினான்: யாருக்கும் சொல்லக் கூடாது. கையெழுத்துப் போட்டு, தேதி போட்டு, மணியைப் பார்த்து நேரமும் போட்டான்.

"பட்டியல்கிட்ட கத்துக்கிட்டது," என்றான்.

சமூகப் பணியாளர் அவர்களை லிஃப்ட்வரை கொண்டுவிட வந்தார்.

"அந்தத் தாளெல்லாம் தனியா வைங்க, அவருக்குக் காட்டாதீங்கன்னு நீங்க கேட்டிருக்கலாமே. அதுக்கு வழி இருக்கு. வெளியாள் ரகசியமா தர்ற தகவலுக்குத் தனி உறை, கறுப்பு மை அடிச்சு மறைக்கிறது எல்லாம் இருக்கு."

"கேக்கலாம்னு யாரு சொன்னாங்க?"

"நீங்க கேக்கலையே."

"இருக்குன்னே தெரியாததை எப்படி சார் கேக்கறது?"

அவர் லிஃப்ட் பொத்தானை இன்னொரு முறை அழுத்தினார். "ஒவ்வொரு பக்கத்துலயும் கையெழுத்துப் போட்டிருந்தீங்க. பேர் தெரியணும்னு விரும்பறீங்கன்னு நாங்க நினைச்சுக்கிட்டோம்."

அதில் அவளால் குறை காண முடியவில்லை. தன் அறையாக இருந்தால் அவளும் அப்படித்தான் நினைத்திருப்பாள்.

அதன்பின் பதினெட்டு நாள். தினமும் பையைக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர் வாங்கிக்கொண்டார். அவள் எதுவும் கேட்பதை விட்டுவிட்டாள். நர்ஸ் எதிரே வந்தால் இரண்டு பேரும் சுவரைப் பார்த்தார்கள். மூன்றாவது அலமாரியிலிருந்த நோட்டைத் தொடவில்லை. எழுதாமல் இருப்பது தண்டனையா, திருந்தலா என்பதைக்கூட அவளால் தீர்மானிக்க முடியவில்லை.

பதினெட்டாம் நாள், வேலைக்குக் கிளம்பிச் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தவளை அப்பா நிறுத்தினார்.

"நேத்து சாயங்காலம் அவன் போன் பண்ணினான்."

"உங்களுக்கா? என்ன சொன்னான்?"

"நல்லாத்தான் பேசினான். சிரிச்சுச் சிரிச்சுப் பேசினான். டூல் பெட்டியை கீழ்வீட்டு எலக்ட்ரீஷியனுக்குக் குடுத்துடுங்கன்னான். வாட்ச்சை நீங்களே கட்டிக்கங்கன்னான். எனக்கு எதுக்கு இனிமேன்னான்." அப்பா சுவரில் கை ஊன்றிக்கொண்டார். "நல்லாத்தானே பேசியிருக்கான்?"

இரண்டு பேருக்கும் ஒரே நாள்தான் ஞாபகம் வந்தது. இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் மொட்டை மாடியிலிருந்து விழுந்தான். விழுந்தான் என்றுதான் எலும்பு டாக்டரிடம் சொன்னார்கள், அக்கம்பக்கத்தில் சொன்னார்கள், நாளடைவில் தங்களுக்குள்ளும் அப்படியே சொல்லிக்கொண்டார்கள். துணிக்கொடி கட்டப் போனான், கால் வழுக்கியது. அதற்கு முந்தின வாரம் அவன் தன் புதுச் சட்டைகளையும் ரேடியோவையும் ஆள் ஆளாகக் கூப்பிட்டுக் கொடுத்திருந்தான், சிரித்துச் சிரித்து. காதும் காதும் வைத்தாற்போல் புதைத்த விஷயம் அது. வெளியே தெரிந்தால் பையனை யார் வேலைக்குக் கூப்பிடுவார்கள் என்றார் அப்பா. குப்பைக் கூடைவரை எழுதியவள் அந்த ஞாயிற்றுக்கிழமையை மட்டும் எழுதவில்லை. நோட்டிலும் இல்லை, ஒன்பது பக்கத்திலும் இல்லை. கண்ணாடியில் ஒட்டியிருக்கிற விதியைவிடக் கெட்டியான விதி அந்த வீட்டுக்குள் இருந்தது.

"ஆஸ்பத்திரிக்குச் சொல்லணும்ப்பா," என்றாள்.

"மறுபடியும் எழுதிக் குடுக்கப் போறியா? இருக்கிற கொஞ்சமும் போயிடும்மா. அவன் நம்ம மூஞ்சியிலேயே முழிக்க மாட்டான்."

அவள் பஸ் ஏறினாள். பதினொரு மணிவரை குடைகளுக்குச் சீட்டுக் கட்டினாள். இரண்டு முறை போனை எடுத்துத் திரும்ப வைத்தாள். வார்த்தை தயாராகவில்லை, அல்லது தயாராகத்தான் இருந்தது, வாய் தயாராகவில்லை. மூன்றாவது முறை எடுக்கப் போகையில் அதுவே அடித்தது.

"நான் வார்டுல இருந்து பேசறேன்," என்றாள் நர்ஸ். வார்த்தைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி வைப்பதுபோலப் பேசினாள். "நான் உங்களுக்கு எதுவும் சொல்லல. யாரைப் பத்தியும் சொல்லல. பொதுவா ஒரு கேள்வி. ஒருத்தரை வீட்டுக்கு அனுப்பறதுக்கு முன்னாடி, எங்களுக்குத் தெரிஞ்சிருக்க வேண்டியது ஏதாவது விட்டுப்போயிருக்கான்னு குடும்பத்தைக் கேக்கறது வழக்கம்."

நாளை என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. மிஞ்சிப் போனால் நாளன்றைக்கு. நாலு வாரமாக ஏங்கிய அந்தத் தேதி இப்படித்தான் கைக்கு வந்தது. அதை வைத்துக்கொண்டு வாசலில் போய் நிற்கலாம். நின்றால், அவன் வேறு வாசல் வழியாகப் போய்விடுவான்.

"இருக்கு," என்றாள்.

"சொல்லுங்க. இந்தத் தடவை நானே கேட்டுடறேன். உங்க பேர் வேணாம்னா தனி உறையில வைப்போம். அவர் ஃபைல் கேட்டாலும் அந்த இடம் கறுப்பா அடிச்சிருக்கும். யார் சொன்னதுன்னு தெரியாது."

அக்கா அந்தக் கறுப்புப் பட்டையை நினைத்துப் பார்த்தாள். தம்பி அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பான். ஜன்னலில் தேடுவான், மீட்டர்காரனிடம் தேடுவான், எலக்ட்ரீஷியன் முகத்தில் தேடுவான். எழுதியவன் யார் என்று ஆயுசுக்கும் தேடுவான். இனி யார் என்ன சொல்லியும் அவனை நம்பவைக்க முடியாது, ஏனென்றால் ஒருவன் எழுதியிருப்பது உண்மையாகவே இருக்கும்.

"வேணாம் சிஸ்டர். என் பேரையே போடுங்க. அக்கான்னும் போடுங்க."

"யோசிச்சுச் சொல்லுங்க. உங்ககூட அப்புறம்..."

"தெரியும். யாரோன்னு இருக்கறதுக்கு நானாவே இருந்துட்டுப் போறேன். எழுதிக்கோங்க."

டூல் பெட்டியைச் சொன்னாள், வாட்ச்சைச் சொன்னாள், சிரிப்பைச் சொன்னாள். பிறகு அந்த ஞாயிற்றுக்கிழமையைத் தேதியோடும் நேரத்தோடும் சொன்னாள். கவுண்டருக்கு அந்தப் பக்கம் குடையைத் தேடி வந்த ஒருவர், பிடியின் வளைவைக் கையால் காற்றில் காட்டியபடியே காத்திருந்தார்.

"ஒரு தடவை படிச்சுக் காட்டுங்க," என்றாள் அக்கா.

நர்ஸ் படித்தாள். "'இரண்டு ஆண்டுகளுக்கு முன் மொட்டை மாடியிலிருந்து விழுந்தார்...'"

"அது தப்பு. விழுந்தார்னு போடாதீங்க." தன் குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. "குதிச்சார்னு போடுங்க."

போனில் பேனா கிறுக்குகிற சத்தம் கேட்டது. "போட்டுட்டேன். பாருங்க, இதை வச்சு நாங்க என்ன செய்யறோம்ங்கறதை..."

"சொல்லக் கூடாது. தெரியும் சிஸ்டர்."

அவள் போனை வைத்துவிட்டுக் குடைக்காரர் பக்கம் திரும்பினாள். மறுநாள் பையை எடுத்துக்கொண்டு போனபோது, கண்ணாடிக்காரர் அதை வாங்காமல் அவள் பக்கமே தள்ளிவிட்டார்.

"வீட்டுக்குப் போயிட்டானா? இல்ல வேற வார்டுக்கு மாத்திட்டாங்களா?" என்று கேட்டாள்.

அவர் கண்ணாடியில் ஒட்டியிருந்த தாளை உள்பக்கமிருந்து விரலால் தட்டிக் காட்டினார்.